பெரியது தொட்டது

காலைச் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்க்காதே என்று நாலு பேர் சொன்னார்கள். அம்சவள்ளி கேட்கவில்லை. ஒருத்தி கையைப் பிடித்தாள், உதறினாள். இன்னொருத்தி, செத்த ஆம்பிளை உடம்பை அக்காக்காரி இப்படி ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் திறந்து பார்க்கலாமா என்று முணுமுணுத்தாள். "இவன் பொறந்தப்ப மொதல்ல கையில வாங்கித் தொடச்சவளே நாந்தான், போங்கடி" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ரத்தம் காய்ந்து கம்பளி தோலோடு ஒட்டிக் கிடந்தது. செம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஊறவிட்டு, அவனுக்கு இன்னும் வலிக்கும் என்பதுபோல மெதுவாகப் பிரித்தாள்.

கொளஞ்சியப்பன் நேற்று மத்தியானத்திலிருந்து வாசல் பந்தலில் பெஞ்சின் மேல் கிடந்தான். வயசு முப்பது ஆகவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. கல்வராயன் மலையில் சிறுத்தையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன். அந்தச் சிறுத்தைதான் அவனை அடித்துப் போட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. பேச்சு வடக்கனந்தலைத் தாண்டிவிட்டது, கச்சிராயபாளையத்தையும் தாண்டியிருக்கும். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரத்துக்குச் சாலை மறியல் என்று ஜில்லா முழுக்க மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்த எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி அது. பஸ் இல்லை, லாரி இல்லை. பேச்சுக்கு மட்டும் எந்த மரமும் குறுக்கே விழவில்லை.

கம்பளி கழன்று வந்தது. கால் கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் வீங்கிக் கறுத்திருந்தது. ஆடுசதையில் கோடு கோடாக மூன்று வெட்டு. பார்த்துக்கொண்டிருந்த பொம்பளைகள், "ஐயோ, நகத்தால கிழிச்சிருக்குது பாரு" என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். அம்சவள்ளி குனிந்து பார்த்தாள். மூன்று கோடும் நேராக, ஒரே ஆழமாக இருந்தது. பிளேடால் போட்ட கோடு. அதற்குக் கீழே, கணுக்கால் எலும்புக்குப் பக்கத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி இருந்தது. அவள் கழனிக்காரி. அந்த இரண்டு புள்ளியை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அம்சா, மூடு அத" என்றான் அண்ணன் தெய்வசிகாமணி. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தம்பியின் காலைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பியிருந்தான். அழுது அழுது குரல் போயிருந்தது. அவள் மூடினாள். மனசு மட்டும் மூடிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் கொளஞ்சியின் ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஊர் அதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை. அவன் மலையில் சிறுத்தை போகிற தடமாகப் பார்த்து நடப்பான், அது போட்ட கழிவைப் பொறுக்குவான். பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியில் காயவைப்பான். தண்ணீரில் கரைத்துச் சலித்து, மிஞ்சுகிற மயிரையும் எலும்பையும் நகத்தையும் பூதக்கண்ணாடியில் வைத்து, இது முயல், இது குரங்கு, இது முள்ளம்பன்றி என்று பிரிப்பான். முதல் தடவை அவன் சலித்தது அம்சவள்ளி மாவு சலிக்கிற சல்லடையில். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. எம்.எஸ்.சி. படித்தவனுக்கு அன்றோடு ஊரில் 'புலிப்பீ வாத்தியார்' என்று பேர் விழுந்தது, ஊருக்குச் சிறுத்தையும் புலிதான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னா துன்னுதுன்னு தெரிஞ்சாத்தான் அத எப்புடிக் காப்பாத்தறதுன்னு தெரியும் என்பான்.

அவன் கண்டுபிடித்தது ஊருக்குப் பிடிக்கவில்லை. ஆடு காணாமல் போனால் புலி என்று சொல்லிவிடுவது மலைக்குக் கீழே எல்லோருக்கும் வழக்கம். இவனோ, நான் கழுவிப் பார்த்ததில் ஆட்டு மயிர் ரொம்பக் கம்மி, உங்க ஆட்டைத் தின்றது உங்க ஊர் நாய்ங்கதான் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். ஆட்டைப் பறிகொடுத்தவனிடம் சொல்கிற பேச்சா அது? ஒருத்தன் அடிக்கவே வந்துவிட்டான். காட்டுப்பன்றிக்குட்டியை அதுதான் தின்கிறது, அது போய்விட்டால் பன்றி பெருகும், அப்பால உங்க கரும்பும் மரவள்ளியும் உங்களுக்கில்லை என்று துப்பாக்கி வைத்திருக்கிற பெரிய பண்ணைக்காரர் வெங்கடேசனிடமே போய் வாதாடினான். அவர் மோரைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

எல்லாவற்றிலும் அவனுக்கு ஒசத்தி, வெள்ளிமலைக்கு அந்தண்டை ஓடைக்கரைக் குகையில் இருந்த ஒரு பெட்டை. முன்னங்காலில் ஒரு விரல் இல்லாததால் ஈர மண்ணில் அது வைத்த அடி தனியாகத் தெரியும். வீட்டுக்கு வந்தால் அதன் பேச்சுத்தான். "எந்தம்பி பொண்டாட்டி எப்புடி கீறா?" என்று அம்சவள்ளி கேட்பாள். போன மாசம் வந்தபோது, "நல்லா கீறாக்கா, ரெண்டு குட்டி போட்டுக்கிறா" என்றான். அடப்பாவி, கல்யாணத்துக்குச் சொல்லாமலே ரெண்டா என்று இவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்தக் குட்டிகளை விட்டு வர மனசில்லாமல்தான் மறியலுக்கு முன்னால் இறங்கி வராமல் மலையிலேயே தங்கிவிட்டான்.

இப்போது அந்தப் பெட்டைக்குத்தான் நாள் குறித்திருந்தார்கள். மாட்டுக் கொட்டகையில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி கட்டியிருந்தது. பக்கத்தில் பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து டப்பா. சுடுகாட்டு வேலை முடிந்ததும் நாலு பேர் மலையேறுவது, ஆட்டை அறுத்து வயிற்றில் மருந்தை ஊற்றிக் குகை வாசலில் போட்டுவிட்டு வருவது, அப்படியும் தப்பினால் வெங்கடேசன் துப்பாக்கி. குகை எங்கே என்று தேட வேண்டியதில்லை. தெய்வசிகாமணிக்குத் தெரியும். போன தைக்குக் கொளஞ்சியே அண்ணனைக் கூட்டிப்போய்ப் பாறைமேல் குப்புறப் படுக்கவைத்துக் காட்டியிருந்தான். திரும்பி வந்த சிகாமணி ஒரு வாரம் அந்தக் கதையையே சொல்லிக்கொண்டு திரிந்தான். "என் தம்பியத் துன்னத நான் உசுரோட வுடமாட்டேன்" என்று அதே வாய்தான் நேற்றிலிருந்து சொல்கிறது.

அம்சவள்ளி எழுந்து கையைக் கழுவினாள். அண்ணனைப் பார்த்தாள். அவள் மனசில் ஓடியது இதுதான்: பாம்பு என்று சொன்னால் புலி பிழைக்கும். அண்ணன் பிழைப்பானா?

ஏனென்றால் புலி அடித்தவனை எந்த ஆஸ்பத்திரியும் காப்பாற்றியிருக்காது என்று ஊர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தது. பாம்பு என்றால் அப்படிச் சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு ஊசி இருக்கிறது. வெங்கடேசன் பண்ணையாளே ஒருத்தன் விரியன் கடித்துப் போய், ஊசி போட்டுக்கொண்டு, பிழைத்து வந்து இப்போது மாடு மேய்க்கிறான். கொளஞ்சியை ஏற்றிவந்த ஜீப் கள்ளக்குறிச்சி போக முடியாமல் நின்றது ஊர் எல்லையில் விழுந்து கிடந்த புளியமரத்துக்கு முன்னால். அந்த மரத்தை வெட்டியவன் சிகாமணி.

இட ஒதுக்கீடு கேட்டது நியாயமில்லை என்று அம்சவள்ளி அன்றும் நினைக்கவில்லை, அதற்கப்புறமும் நினைத்ததில்லை. மரம் வெட்டியவர்களுக்குக் கேப்பங்கூழ் கரைத்துக் கொடுத்தவளே அவள்தான். முதல் வகுப்பில் தேறின தம்பி, வாத்தியார் வேலைக்கு ஏறி இறங்காத காலேஜ் இல்லை. கடைசியில் ஆறு மாசத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற தற்காலிக ஆராய்ச்சி வேலைதான் கிடைத்தது. அந்த ஆத்திரம் சிகாமணிக்கு வயிற்றிலேயே கிடந்தது. முதல் கோடாலியை அடித்தபோது, இது எந்தம்பி பேர்ல ஒரு மரம் என்று சொல்லித்தான் அடித்தான். கூட இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

அவள் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். அங்கே கரும்புத்தோகைக் கட்டின்மேல் வேடியப்பன் உட்கார்ந்திருந்தான். மலைக்காரன், கொளஞ்சியோடு காட்டில் கூட நடந்தவன், ஜீப்பில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன். நேற்றிலிருந்து ஊருக்குத் திரும்பவும் வழியில்லாமல், பந்தலுக்குள் வரவும் துணியாமல் அங்கேயே கிடந்தான். இன்னா ஆச்சி சொல்லு என்றாள். அவன் நேற்று எல்லோருக்கும் சொன்னதையே சொன்னான்.

"பெரியது தொட்டுடுச்சிக்கா."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மரத்தண்டை மறியலுக்கு நின்ற பசங்களிடமும் இவன் இதைத்தான் சொல்லியிருப்பான். புலி பார்க்கிறவனைத் தூக்கிக்கொண்டு ஒரு மலைக்காரன் வருகிறான், கால் ரத்தக் கம்பளி, கேட்டால் பெரியது தொட்டது என்கிறான். பசங்களுக்கு வேறென்ன தோன்றும்? புலி, புலி என்று ஊருக்குள் ஓடிவந்துவிட்டார்கள். ஆனால் கொளஞ்சி ஒருதரம் சொல்லியிருந்தான். அந்த மலையூரில் பாம்பு கடித்துவிட்டால் அதன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். பேரைச் சொன்னால் விஷம் ஏறும் என்பார்கள். செத்துப்போனாலும் உடம்பு வேகிற வரைக்கும் சொல்லமாட்டார்கள். கீழ்நாட்டில் நாம் பூச்சி என்கிறோம், அவர்கள் பெரியது என்கிறார்கள். அவன் ஊர் வழக்கப்படி அவன் பட்டவர்த்தனமாகத்தான் சொல்லியிருக்கிறான். இந்த ஊருக்குத்தான் அது வேறு பாஷை.

"வா எங்கூட" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். அவன் வரமாட்டேன் என்று பின்வாங்கினான். நீ வராவிட்டால் உன் ஊர் ஓடைக்கு மேலே இன்றைக்கு விஷம் வைப்பார்கள், அந்தத் தண்ணியைத்தான் நாளைக்கு உன் பிள்ளைங்க குடிக்கும் என்றாள். அவன் வந்தான்.

பந்தலில் பாடை கட்ட மூங்கில் வந்திறங்கியிருந்தது. வெங்கடேசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், துப்பாக்கி பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. அம்சவள்ளி வேடியப்பனை நடுப்பந்தலில் கொண்டுவந்து நிறுத்தினாள். மேளம் அடிக்கிறவர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். அம்மா செல்லியம்மாள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு, இவள் இன்னா பண்ணப்போறா என்று பார்த்தாள்.

"வேடியப்பா, நீ பேர் சொல்ல வேணாம். எந்தம்பியத் தொட்டது நாலு கால் உள்ளதா, கால் இல்லாததா? அத மட்டும் இத்தினி பேர் கேக்கச் சொல்லு."

வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பேரைச் சொல்லாமல் பதில் சொல்ல அதில் வழி இருக்கிறது என்று அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"கால் இல்லாதது" என்றான்.

சிகாமணி இரண்டு எட்டில் வந்து அவன் சட்டையைப் பிடித்தான். அதை நேத்தே ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டான். நேத்தே சொன்னனுங்க, பெரியதுன்னு சொன்னனுங்களே என்று வேடியப்பன் அழுதுவிட்டான். அம்சவள்ளி போய்க் கம்பளியை விலக்கி, இரண்டு புள்ளியையும் பிளேடு வெட்டையும் காட்டினாள். விஷரத்தம் வடியட்டும் என்று மலையில் யாரோ கீறி விட்டிருக்கிறார்கள், புலி எங்கயாவது கோடு போட்டாப்பல கீறுமா என்று கேட்டாள். பார்த்தவர்களுக்குப் புரிந்தது. புரிந்ததும் ஒவ்வொருத்தராகத் தரையைப் பார்த்தார்கள்.

வெங்கடேசன்தான் தொண்டையைச் செருமினார். ஊர் மறியலுக்கு அவர்தான் முன்னே நின்றவர், விவரம் தெரிந்த மனுஷன். குரலைத் தாழ்த்தித் தன்மையாகத்தான் பேசினார்.

"இதோ பாரும்மா. போன உசுரு போயிடுச்சி. பாம்புன்னு வெளிய போச்சின்னா நாளைக்குப் பேப்பர்ல இன்னா எழுதுவான்? மரத்தப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவன கொன்னுட்டாங்கன்னு எழுதுவான். இத்தினி ஜனம் தெருவுல கெடக்கறது வீணாப் பூடும். புலின்னே இருந்துட்டுப் போவட்டும். ஒருத்தருக்கும் நஷ்டமில்ல."

அவர் சொன்னது தப்புக் கணக்கில்லை. வெளியூர்க்காரன் அப்படித்தான் எழுதுவான். ஆனால் அதைச் சிகாமணி இருக்கிற இடத்தில் சொன்னார் பாருங்கள். அது வரைக்கும் அவனுக்கு அந்தப் பக்கமே நினைப்புப் போகவில்லை. மரத்தை வெட்டிவிட்டு அடுத்த கூட்ரோட்டு மறியலுக்குப் போய்விட்டவன். வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஜீப் வரும்போதே தம்பிக்கு உசுரு இல்லை என்று பசங்க அவனிடம் சொல்லியிருந்தார்கள், பாவம், நல்ல மனசில் சொன்ன பொய். இப்போது மெதுவாகத் தலையைத் தூக்கி வேடியப்பனைக் கேட்டான்.

"மரத்தாண்ட வந்தப்ப அவனுக்குப் பேச்சி இருந்துச்சா?"

வேடியப்பன் அம்சவள்ளியைப் பார்த்தான். சொல்லு என்றாள்.

"இருந்துச்சிங்க. தண்ணி கேட்டாரு. எங்க வூடு இங்கதான்னாரு. அந்தப் பசங்க கட்டில் எடுத்தாரதுக்கு ஓடனாங்க. கட்டில் வரதுக்குள்ள..."

இப்போதாவது அவள் நிறுத்தியிருக்கலாம். பிழைத்துக் கிடக்கிற ஒரே கூடப்பிறந்தவன், கண்ணெதிரே நிற்கிறான். வேண்டாம், வாயை மூடு என்று அவள் நெஞ்சே அவளுக்குச் சொன்னது. ஆனால் பின்னால் யாரோ, புலின்னே சொல்லிடலாம், அதான் எல்லாத்துக்கும் நல்லது என்று முனகினான். இன்னொருத்தன் ஆமாம் போட்டான். அவ்வளவுதான், அவளுக்குப் பற்றிக்கொண்டது. காடு காடாக நடந்து, பீயைக் கழுவி, ஊர் சிரிக்கச் சிரிக்க இந்தப் பையன் எந்த ஒரு சொல்லைப் பொய் என்று நிரூபிக்கப் பாடுபட்டானோ, அதே சொல்லை அவன் பொணத்தின்மேல் போர்த்தி அனுப்பப் பார்க்கிறார்களே.

"எந்தம்பியக் கொன்னது புலி இல்லண்ணா" என்றாள். "புளி. நம்ம ஊரு புளி. நீ நல்லதுக்குத்தான் வெட்டன. நாங்கூட உனக்குக் கூழ் ஊத்தனேன். ஆனா வெட்டனது வெட்டனதுதான். அதுக்கு அந்த வாயில்லாதத சாகடிக்க நான் வுடமாட்டேன்."

சிகாமணி அவளை அடிப்பான் என்று சிலர் எதிர்பார்த்தார்கள், அவளும்தான். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பந்தலை விட்டு இறங்கி ரோட்டுப் பக்கம் நடந்தான். கூடப் போன ஒருத்தனைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டான்.

வெங்கடேசனுக்கு முகம் சிவந்துபோயிற்று. பொம்பளை சபையில் இவ்வளவு பேசுகிறாளே என்பது ஒன்று, தன் பேச்சால்தான் எல்லாம் அவிழ்ந்தது என்பது இன்னொன்று. பாம்போ பூரானோ, புலி புலிதானே, எடுத்த காரியத்தை விடக்கூடாது, இன்னைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அது ஆளைத் தூக்கும், நீங்க கிளம்புங்க என்று பசங்களை ஏவினார். ரெண்டு பேர் கொட்டகைப் பக்கம் நகர்ந்தார்கள்.

அம்சவள்ளி அவர்களுக்கு முன்னால் ஓடினாள். ஆட்டை விட்டுவிட்டு மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். நேராக வந்து, பொணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைகளுக்கு நடுவே, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். "வேணுங்கறவன் வந்து எடுத்துக்கோ" என்றாள். எவன் வருவான்? இழவு வீட்டில் பொம்பளை வட்டத்துக்குள் கால் வைத்து ஒருத்தி மடியில் கைவிட எந்த ஊர் ஆம்பிளைக்குத் துணிச்சல் உண்டு? வந்த ரெண்டு பேரும் பந்தல் ஓரத்தில் நின்று தலையைச் சொறிந்தார்கள். துப்பாக்கி இருக்கிறதே என்று ஒருத்தன் சொன்னான். குகைக்கு வழி காட்ட யார் இருக்கா என்று இன்னொருத்தன் கேட்டான். வேடியப்பனைப் பார்த்தார்கள். வேடியப்பன் மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து இனி ஒரு சொல் வராது என்று பார்த்தாலே தெரிந்தது.

பொழுது போய்க்கொண்டே இருந்தது. ஊதுவத்திப் புகையை மீறிக்கொண்டு மருந்து நெடி அடித்தது. அம்சவள்ளி டப்பாவைப் பிடித்த கையைத் தளர்த்தவே இல்லை. புலிக்காக மட்டும் அவள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. போனவன் இன்னும் திரும்பி வரவில்லையே. வந்தால் எந்த முகத்தோடு வருவான்? இந்தப் பக்கத்தில் மானம் போனவர்கள் முதலில் தேடுவது இந்த மருந்தைத்தான். அவன் கண்ணில் இது படவே கூடாது என்று முந்தானையை இன்னும் இழுத்து மூடினாள். நான் பேசாமல் இருந்திருக்கலாமோ என்று ஒருதரம் நினைத்தாள். இல்லை, பேசினது சரிதான் என்று அடுத்த மூச்சில் நினைத்தாள். இரண்டும் மாறி மாறி வந்தது.

"மடியில இன்னாடி?" என்று செல்லியம்மாள் கேட்டாள்.

"மருந்தும்மா."

அம்மா பெஞ்சின்மேல் கிடந்த சின்னவனைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். அப்புறம் தன் கையையும் கொண்டுவந்து, மகளின் முந்தானைக்கு அடியில், டப்பாவின் மூடிமேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

திருக்கோவிலூரிலிருந்து சின்னம்மா வந்துவிட்டால் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். செல்லியம்மாளின் தங்கச்சி ராஜாம்பாள். கொளஞ்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு திருவிழா காட்டினவள். சாவு சொல்லப் போனவன் விடியுமுன்னே சைக்கிளில் போயிருந்தான். அவனுக்கு நேற்று சொல்லியனுப்பியது, புலி அடித்துக் கொளஞ்சி போய்விட்டான் என்பதுதான். அந்தச் சொல்லை அவன் வழிநெடுகப் பத்து ஊரில் சொல்லிக்கொண்டே போயிருப்பான். அதை இனிமேல் எந்த சைக்கிளில் போய் எட்டிப்பிடிப்பது?

வெயில் சாய்கிற நேரத்தில் ராஜாம்பாள் வந்தாள். மரத்துக்கு மரம் இறங்கி ஏறி, சைக்கிள் கேரியரில் பாதியும் நடையில் பாதியுமாக வந்த கால், புழுதி முட்டி வரைக்கும். தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளிச் சிகாமணி வந்துகொண்டிருந்தான். அம்சவள்ளி அவனைப் பார்த்தாள். டப்பாவை அம்மாவின் மடிக்குத் தள்ளி அவள் முந்தானையால் மூடினாள். அவன் எங்கே போயிருந்தான் என்று அவள் அப்புறமும் கேட்கவில்லை. உள்ளங்கை இரண்டும் தோல் கிழிந்து சிவந்திருந்ததையும் வேட்டியில் புளியமரத் தூள் ஒட்டியிருந்ததையும் மட்டும் பார்த்தாள்.

ராஜாம்பாள் பந்தல் வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டு ராகம் எடுத்தாள். ஒப்பாரி கட்டுவதில் அவளை அடிக்க அந்தச் சுற்றுவட்டத்தில் ஆளில்லை. வழியெல்லாம் சொல் கோத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"புலி கிழிச்ச பொன்னுடம்பே, நான்
பூ முடிஞ்சி வளத்த கண்ணே,
மலையேறிப் போனவன, என்
மகராசன, புலிக்கா குடுத்தேன்..."

வட்டத்திலிருந்த பொம்பளைகள் அவளோடு சேர்ந்து அழவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வெங்கடேசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஒருத்தியாவது அப்படியே நம்பிவிட்டுப் போகட்டுமே என்று எல்லா முகத்திலும் எழுதியிருந்தது. அம்சவள்ளிக்குக் காலையில் பேசின தெம்பு இப்போது இல்லை. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"புலி இல்ல சின்னம்மா."

சொன்னது அவள் இல்லை. பின்னாலிருந்து சிகாமணி சொன்னான். கட்டிப்போன குரல்தான், ஆனால் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"பாம்பு கடிச்சிச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவ வழி இல்லாம குறுக்க மரம் கெடந்துச்சி. நான் வெட்டன மரம்."

ராஜாம்பாளின் கை மாரிலேயே நின்றுவிட்டது. திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனியவில்லை. அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். வெங்கடேசன் எழுந்தார், துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பந்தலின் மறுபக்கமாக இறங்கித் தன் வீட்டுப் பக்கம் போனார். அவரை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

பொம்பளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். ராஜாம்பாள் வந்து அம்சவள்ளிக்கு எதிரே உட்கார்ந்தாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுத் தலையை முட்டிக்கொண்டார்கள். ராஜாம்பாள் வாயெடுத்தாள். அவள் கோத்துக்கொண்டு வந்த எந்தச் சொல்லும் இப்போது உதவவில்லை. பாம்பைச் சொல்லி அழ ஒப்பாரியில் அடி உண்டு. மரத்தைச் சொல்லி, அதை வெட்டினவன் பக்கத்திலேயே நிற்க, அழுவதற்கு இதுவரை யாரும் அடி கட்டவில்லை. அவள் இரண்டு தரம் ஆரம்பித்து நிறுத்தினாள். அப்புறம் சொல்லே இல்லாமல் வெறும் ராகத்தை மட்டும் இழுத்தாள். அம்சவள்ளியும் அதைப் பிடித்துக்கொண்டாள். வட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. வெளியே ஆம்பிளைகள் மூங்கிலைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினார்கள்.